வானத்துக்கு ஊதிய டியூபா

நாட்குறிப்பில் அது ஆவணி மாதத்து வியாழக்கிழமை. தேதியின் மேல் சந்தனம் சிந்திவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்போது நான் தல்லாகுளத்தில், ஒரு வக்கீலிடம் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாட்களில் லீவு சொல்லிவிட்டு, பேண்டு செட்டில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுவேன்.

எங்கள் மாஸ்டருக்கு வாத்தியங்களைக் கண்ணால் கேட்கும் பழக்கம். அந்த வாரம் பழைய டியூபாவை ஒதுக்கிவிட்டு, அதைவிட இரண்டு பங்கு பெரிய ஒன்றை வாங்கி வந்தார். பழையதின் வாய் முன்னால் பார்த்திருக்கும். தெருவில் நிற்பவன் நெஞ்சில் சத்தம் மோதும். புதியதின் வாய் வானத்தைப் பார்த்தது. அதன் மவுத்பீஸ், அதாவது உதட்டைப் பதித்து ஊதும் கிண்ணம், வழியிலேயே தொலைந்துவிட்டதாம். மாஸ்டர் கலங்கவில்லை. ஏதோ சின்ன வாத்தியத்துக்குச் செய்த, ஆழமே இல்லாத ஒரு வெள்ளி முலாம் கிண்ணத்தை, காம்பில் நூல் சுற்றிச் செருகிவிட்டார். நன்றாக மின்னியது.

பெரிய குழலுக்கு மூச்சும் அதிகம் வேண்டும், அகலமான ஆழமான கிண்ணமும் வேண்டும். வைகை மணலில் மாற்றி மாற்றி ஊதிப் பார்த்தேன். பழைய டியூபாவின் கிண்ணத்தோடு ஊதினால் அக்கரையில் துணி துவைப்பவர்கள் திரும்பினார்கள். வெள்ளிக் கிண்ணத்தோடு ஊதினால் பக்கத்து எருமைகூடத் திரும்பவில்லை. இரண்டையும் நோட்டில் எழுதி மாஸ்டரிடம் நீட்டினேன்.

“எழுத்து அழகா இருக்கு மாப்ள,” என்றார். “இம்புட்டுப் பெரிய குழாயில ஊதத் தெரியாதவனுக்குத்தான் நோட்டு வேணும். திருமங்கலத்துல தெருமுனை வரைக்கும் கேக்கலேன்னா, மறுநாள்லருந்து நீ வர வேணாம்.”

திருமங்கலத்தில் தாய்மாமன் சீர். சீர்த்தட்டுகளோடு வரும் மாமனுக்கு முன்னால் நாங்கள்; எதிர்கொண்டு அழைக்கக் கல்யாண வீட்டாரின் நாதஸ்வரம். எந்த வாத்தியம் அமுங்குகிறதோ அந்த வீட்டின் கௌரவமும் அமுங்கிவிடும்.

முதல் ஊதலில் சளி பிடித்த ஆட்டின் குரல் வந்தது. வந்த சத்தமும் நேராக மேலே போயிற்று.

“பருந்து தலையாட்டுது மாப்ள,” என்றார் எங்கள் மோளக்காரர்.

மாமன் திரும்பினார். “என்னய்யா, குழாய்ல அடைப்பா?”

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் என் இடம் போய்க்கொண்டிருந்தது.

எல்லோரும் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கோட்டுப் பையிலிருந்த பழைய கிண்ணத்தை மாட்டினேன். மாமனைக் கும்பிடுபவன்போல இடுப்பை வளைத்து, குழலின் வாயை எதிரே நின்ற நாதஸ்வரக்காரர்கள் பக்கம் சாய்த்து ஊதினேன். தவில்காரரின் கை ஒரு கணம் நின்றது. தெருமுனையில் வண்டிமாடு மிரண்டது.

மாமன் மாஸ்டருக்கு மாலை போட்டார். “ஊதுறப்பவும் குனிஞ்சு மரியாதை செய்றான் பாரு,” என்று எனக்கும் ஒரு வார்த்தை.

“பாத்தியா மாப்ள? குழாய் பெருசுன்னா சத்தம் பெருசு. அதுலயும் வெள்ளிக்குத் தனி நாதம்!” என்றார் மாஸ்டர்.

“ஆமாண்ணே,” என்றேன்.

அந்த வருஷ ஆயுத பூஜையில் வெள்ளிக் கிண்ணத்துக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். உருப்படியாக ஒரு சுரம்கூட ஊதியிராத அதற்கு மாஸ்டர் சூடம் காட்டினார். பழைய கிண்ணம் என் கோட்டுப் பையில் கனத்தது. நான் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.