காசிம் கிரவுண்டுக்குப் புதுப் பெயர்

ஒரு மைதானத்தின் பெயரை விற்கலாமா?

இந்தக் கேள்வியால் ஒரு ஊரே இரண்டு கட்சியானதைச் சமீபத்தில் பார்த்தேன். பந்தல்குடிப் பக்கம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்... பெயரால் அவர்கள் பட்ட பாடு போதும்.

அங்கே உள்ள கால்பந்து மைதானம் ‘காசிம் கிரவுண்டு’. காசிம் அந்த ஊர் டீமின் கோல்கீப்பர். துபாய்க்கு வேலைக்குப் போனவர், அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். கூட ஆடியவர்கள் மைதானத்து வாசலில் ஒரு சிமென்ட் பலகை நட்டு, அவர் பெயரை எழுதி வைத்தார்கள்.

மைதானம் என்றால் வெறும் கரிசல் பொட்டல்தான். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் காலி!

அருப்புக்கோட்டையில் ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கும் ஒருவர் முன்வந்தார். கால்பந்துப் பிரியர். செம்மண் அடித்துச் சமப்படுத்தி, கேலரியும் கட்டித் தருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை — மைதானத்துக்குத் தன் கடையின் பெயர்.

இதைப் பேச மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். என் நண்பர் செந்தில் கூப்பிட்டதால் நானும் போனேன். செந்தில் லாரி ஓட்டுபவர். காசிமுக்கு முன்னால் டிஃபென்ஸில் நின்று ஆடியவர்.

“ஃபாரின்ல பெரிய பெரிய ஸ்டேடியத்துக்கே கம்பெனிப் பேருதாண்ணே” என்றான் ஒரு இளம் ரசிகன்.

“ஏலே, அங்க டிக்கெட் வாங்கிப் பாக்குறான். இது நாங்க கல்லு பொறுக்கிப் போட்ட எடம்லே!” செந்தில் எழுந்துவிட்டார். “காசிம் பேரை எடுத்தா அவுக வீட்டுல மனசு நோகாதா?”

“கிரவுண்டு நல்லாருந்தா அவுகளுக்கும் சந்தோசம்தானே?” — இது எதிர்க்கட்சி.

இரண்டு பக்கமும் காசிமின் மனைவிக்காகத்தான் வாதாடியது. அவரைத் தவிர எல்லோரும் அங்கே இருந்தார்கள்!

“அவரிடம் யாராவது கேட்டீர்களா?” என்றேன். யாரும் கேட்டிருக்கவில்லை.

கூட்டத்தை நிறுத்திவிட்டு நானும் செந்திலும் அடுத்த தெருவில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். நூர்ஜஹான் வீட்டிலேயே துணி தைக்கிறார். ஒரே மகள் ரிஸ்வானா, பள்ளி டீமில் ஆடுகிறாள். செந்தில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

“பேரு வைக்கும்போது எங்கிட்ட யாரும் கேக்கல. எடுக்கும்போது மட்டும் எதுக்குத் தம்பி கேக்குறீக?”

செந்தில் தலை குனிந்தார்.

“கோவத்துல சொல்லல. அவுக பந்து புடிக்கிறத நான் ஒரு நாளும் பாத்ததில்ல. சுத்தி ஆம்பளைகளா நிப்பீக. நாங்க எங்கன வந்து நிக்கிறது? பொம்பளைகளுக்கு ஒரு பாத்ரூம் உண்டா? இப்ப மக அங்கன ஆடுறா. அதையும் வீட்டுல இருந்து வெறும் சத்தமாத்தான் கேக்குறேன். அவுக பேரு உள்ள இருக்கு... நான் வெளிய இருக்கேன்.”

தையல் மிஷினில் கிடந்த துணியை மடித்து ஓரமாக வைத்தார்.

“பேரைக் குடுத்துருங்க தம்பி. பதிலுக்கு எங்களுக்கு உக்கார ஒரு எடம் கேட்டு வாங்குங்க.”

பெயருக்காக மல்லுக்கு நின்ற செந்தில்தான் கடைக்காரரிடம் போய்ப் பேசினார். பெண்களுக்குத் தனி கேலரி, கழிப்பறை. கடைக்காரர் மறுக்கவில்லை.

காசிம் பலகையைப் பெயர்த்த அன்று, செந்தில் கடப்பாரையை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே பெயர்த்து, தன் லாரியிலேயே ஏற்றி, நூர்ஜஹான் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. முதல் ஆட்டம் பெண் பிள்ளைகளுக்கு. புதுக் கேலரி நிறையப் பெண்கள்... முன்வரிசையில் நூர்ஜஹான். ரிஸ்வானா பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போதெல்லாம் தன்னை அறியாமல் எழுந்து நின்றார்.

இடைவேளையில் செந்தில் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார்.

“அவுக எந்தப் பக்கம் கோல்ல நிப்பாக தம்பி?”

“ரெண்டு பக்கமும்தான் மதினி. பாதி ஆட்டத்துல பக்கம் மாத்துவோம்.”

“இதுகூடத் தெரியாம இருந்திருக்கேன் பாருங்க!” சிரித்தார். முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். செந்தில் அந்தப் பக்கம் திரும்பி, இல்லாத வேலை ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார்.

ரசிகர்கள் இன்னும் இரண்டு கட்சிதான். செந்திலும் கடைப் பெயரை வாயால் சொல்வதில்லை. ‘கிரவுண்டு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சண்டை நடக்கட்டும், தப்பில்லை.

ஆனால் ஒருவருக்காக வரிந்துகட்டிச் சண்டை போடுவதற்கு முன்னால், அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுவது நல்லது!