சண்டைக்குப் போகும் வண்டி

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்களில் ஒரே பெண் ஏலவார்குழலி. ஸ்டாண்டு வரிசையில் ஓர் இடம் வாங்க எட்டு மாதம் அலைந்தவள். அங்கே முதலில் நிற்கும் வண்டிதான் ஆள் ஏற்றும்; அது கிளம்பினால்தான் அடுத்தது நகரும். வரிசை இல்லையென்றால் அவள் வீட்டில் அடுப்பு இல்லை.

ஸ்டாண்டு சங்கத் தலைவர் ராஜவேலு ஒரு கட்சியிலும் பிரமுகர். போன மாசியில் ஸ்டாண்டுக்கு எதிரே மேடை போட்டு முழங்கினார். பக்கத்து நாட்டின் மேல் இன்றே படையெடுக்க வேண்டுமாம். மூன்று நாளில் தலைநகர் விழுமாம், நான்காம் நாள் அங்கே நம் காஞ்சிபுரம் இட்லி வேகுமாம். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்றும், முதல் ஆளாகத் தானே நிற்பதாகவும் சொன்னார்.

அப்போது வரிசையில் முன்னால் நின்றது ஏலவார்குழலியின் வண்டி. தலையை வெளியே நீட்டி, தினமும் ஊர்ப்பெயரைக் கூவும் அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

"சண்டைக்கு, சண்டைக்கு, சண்டைக்குப் போற வண்டி, ஏறுபா. முன்சீட்டு தலைவருக்கு. அவரு வந்து குந்தினா எடுத்துடலாம்."

கூட்டம் சிரிப்பில் குலுங்கியது. ராஜவேலு மைக்கிலேயே தனக்கு முட்டிவலி என்றார்.

"பின்னாடி படுத்துக்கினு வாங்க தலைவரே, மொத்த சீட்டும் உங்களுக்குத்தான்" என்றாள். பிறகு குரல் மாறியது. "என் தம்பி சத்யராஜ் பன்னெண்டு வருஷமா பட்டாளத்துல இருக்கான். லீவுல வந்தா சண்டையப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. இறங்கி வந்த ராஜவேலு, நாளையிலிருந்து அவள் வண்டி வரிசையில் நிற்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவள் வந்து கடைசியில் நிறுத்தினாள். ராஜவேலு அவள் வண்டியை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரிசையில் முதல் வண்டி காசிநாதனுடையது. பதினைந்து வருடத்தில் யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். அவர் என்ஜினை அணைத்தார்.

"அந்தம்மா வரிசையில நிக்கட்டும்பா. அப்புறம் ஏத்தறேன்."

அடுத்த வண்டியும் அணைந்தது, அதற்கடுத்ததும். வேலைக்குக் கிளம்பியவர்கள் ராஜவேலுவைத்தான் திட்டினார்கள். அரை மணி நேரம் தாங்கினார். பிறகு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

முதலில் ஏற்றிக்கொள்ளும்படி காசிநாதன் அவளுக்குக் கைகாட்டினார்.

"நீங்க போங்கண்ணே. என் முறை வரும்போது ஏத்திக்கிறேன்" என்றாள்.

நான்கு வண்டிகள் கிளம்பின. ஐந்தாவதாக அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ஆள் ஏற்றினாள்.