பில்லுகளின் மேல் ஒரு படிக்கல்

என் மேசையில் லொறிக் கூலி பில்லுகள் பறக்காமல் இருக்க ஓர் இரும்புப் படிக்கல் வைத்திருக்கிறேன். ஐந்து கிலோ. மேலே ஒரு வளையம். பலர் பிடித்துத் தூக்கியதில் வளையம் மட்டும் வழுவழுவென்றிருக்கும், மற்ற இடமெல்லாம் துரு. நாலு காகிதத்துக்கு இவ்வளவு பெரிய கல்லா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். எனக்குப் பேச்சு எப்போதும் பிந்தித்தான் வரும். எழுதுவது பரவாயில்லை. அதனால் அந்தக் கல்லை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த ஒருவரைப் பற்றி எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் கடை கஹவத்தை பஜாரில் இருக்கிறது. மிளகு, கராம்பு, கறுவா எல்லாம் வாங்கிச் சேர்த்து கொழும்புக்கு அனுப்புகிற கடை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே பில் எழுதச் சேர்ந்தவள் நான். மூட்டை தூக்குகிறவர்களை நாங்கள் நாட்டாமி என்போம். அப்போது நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பெரிய நாட்டாமி. மூட்டையைத் தூக்குவதற்கு முன் மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல அதை இரண்டு தட்டுத் தட்டுவார். ஏற்றி முடிந்ததும் நாலு பேரும் மூட்டைகளின் மேலேயே ஏறி உட்கார்ந்து கொழும்புவரை போய் இறக்கிவிட்டு வருவார்கள். டிரைவரின் தலைக்கு நேர் பின்னால் உள்ள இடம் பெரிய நாட்டாமியுடையது. வேறு யாரும் அங்கே உட்காரமாட்டார்கள். என்னைத் தங்கச்சி என்பார். நான் என்றைக்காவது வாய் திறந்தால் போதும், "தங்கச்சி பேசிருச்சு, படங்க இறுக்கிக் கட்டுங்கடா, இன்னைக்கு மழ நிச்சயம்" என்று மற்றவர்களிடம் சத்தம் போடுவார். படங்கு என்பது மூட்டைகளை மூடும் தார்ப்பாய். இரத்தினபுரிப் பக்கத்து மழைக்கு என் பேச்சு தேவையில்லை. ஆனாலும் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

டீசல் விலை ஏறிய காலத்தில் லொறிக் கூலி எங்கள் லாபத்தைத் தின்னத் தொடங்கியது. ஒருநாள் முதலாளி சொன்னார்: "கூலி கொறையணும். இல்லாட்டி நாட்டாமிகள அனுப்புறத நிப்பாட்டிட்டு கொழும்புலயே ஆள் புடிச்சு எறக்கிக்குவோம்." நாலு பேரும் வாசலில்தான் நின்றார்கள். அன்று மத்தியானம் நான் பழைய பில்லுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கூலி நிறைக்குத்தான். போகும் வழியில் லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் பெரிய தராசு ஒன்று உண்டு. அங்கே கொடுக்கும் துண்டுச் சீட்டில் உள்ள நிறையிலிருந்து வெறும் லொறியின் நிறையைக் கழித்தால் மிச்சம் சரக்கு. துண்டில் சீல் இருப்பதால் அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. நான் எங்கள் மூட்டைகளின் நிறையைக் கூட்டி அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெயில் நாட்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. மழை நாட்களில் மட்டும் துண்டு கூடிக் காட்டியது. மூட்டை நனைகிறதோ என்று முதலில் நினைத்தேன். பிறகு பெரிய நாட்டாமியைக் கூப்பிட்டு, தராசில் லொறி ஏறும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"வெயில்னா எறங்கிப் போயி டீ குடிப்போம். மழைன்னா படங்குக்குள்ளயே சுருண்டு கெடப்போம். ஏன் தங்கச்சி?"

நான் சொன்னேன். அவர் நாலு விரல் மடக்கி எண்ணினார். பிறகு மற்ற மூவரையும் பார்த்து, "அடேய், நம்மளையும் மெளகோட சேத்து நிறுத்து கூலி குடுத்திருக்காங்கடா. கொழும்புல நம்மள வெலைக்குக் கேக்காம விட்டானுங்களே" என்றார்.

லொறி சொந்தக்காரர் ஒரு சிங்களவர்; மாத்தயா, அதாவது ஐயா, என்போம். நல்ல மனிதர், ஆனால் எங்கள் தராசை மட்டும் நம்பிக் கூலி வாங்க அவர் தயாராக இல்லை. கடைசியில் ஒரு வழிக்கு ஒத்துக்கொண்டார். "ஹரி நங்கி, மழையில மனுசன எறக்க வேணாம். மாசத்துக்கு ஒருக்கா என்ட டிரைவர் முன்னுக்கு ஆக்கள நிறுங்க. மழ நாள்ல அத கழிச்சிட்டு தாங்க." ஹரி என்றால் சரி, நங்கி என்றால் தங்கச்சி. முதலாளியும் சரி என்றார். ஆனால் நாட்டாமிகளைப் பார்த்து ஒன்று சொன்னார்: "நாலு பேரும் போங்க. ஆனா தூக்க முடியாத ஆள் ஒருத்தனும் லொறியில ஏறக்கூடாது."

அதன் பிறகு மாதத்தின் முதல் லோட் அன்று காலையில் நாலு பேரும் எங்கள் மேடைத் தராசில் ஒவ்வொருவராக ஏறுவார்கள். தண்டின் மேல் பித்தளைக் குண்டை நகர்த்துவது என் வேலை. முதலாளி பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒருவனுக்குத் தொப்பை என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். கூலி குறைந்தது, யாருக்கும் வேலை போகவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

என் மேசைக்குக் கீழே பழைய தராசின் படிக்கற்கள் வரிசையாக இருக்கும். ஒரு மாதம் ஆட்களை நிறுக்கும் காலையில் ஐந்து கிலோக் கல்லை மட்டும் காணோம். லொறி புறப்படும்போது அது திரும்பவும் இடத்தில் இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே. அப்போதுதான், தராசில் ஏறும்போது பெரிய நாட்டாமி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறியது நினைவுக்கு வந்தது. அதற்கடுத்த மாதம் நான் முதலாளி வருவதற்கு முன்பே கடைக்குப் போனேன். பெரிய நாட்டாமியும் வந்திருந்தார். சட்டைக்குள் துண்டு இறுக்கமாகக் கட்டியிருந்தது.

"அண்ணே, அந்தக் கல்லுக்கும் சேத்து மாத்தயா கூலியில கழிக்கிறோம்" என்றேன்.

"எந்தக் கல்லு?" என்றார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "பேசாத புள்ள பேசுனா இப்புடித்தான் பேசும்போல." துண்டை அவிழ்த்துக் கல்லை எடுத்துக் கீழே வைத்தார். "இருமல் விடல தங்கச்சி. சோறு எறங்கல. நிறை கொறஞ்சத முதலாளி பாத்தா என் எடத்துக்கு வேற ஆளத்தான் போடுவாரு. மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கு."

தராசைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு ஏறி நின்றார். போன மாதத்து நிறையிலிருந்து குண்டை ஐந்து கிலோ பின்னால் தள்ளினேன். தண்டு எழும்பவில்லை. இன்னும் தள்ளினேன். எழும்பவில்லை. இன்னும் தள்ளினேன். தண்டு மெல்ல எழுந்து ஆடியது.

அவர் குண்டு நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். "கல்லும் பத்தாதுபோல இருக்கே" என்றார். தராசிலிருந்து இறங்கி, "உள்ளத எழுது" என்றார்.

எழுதினேன். முதலாளி வந்து பார்த்தார். எண்ணைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். கோபப்படவில்லை. "நீ இன்னைக்குத் தூக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு பக்கத்துக் கடையிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட அனுப்பினார். அன்று மாத்தயாவே லொறியோடு வந்திருந்தார். கூடுதலாகக் கழித்ததை அவரிடம் சொன்னேன். "கல்லுக்கு கூலி வேணாம் நங்கி. இரத்தினபுரி ஆஸ்பத்திரி நம்ம பாதையிலதானே" என்றார். பெரிய நாட்டாமி முதல்முறையாக லொறியின் முன்சீட்டில் ஏறினார். பின்னால் மூட்டைகளின் மேல் அவருடைய இடம் காலியாகவே இருந்தது. கடனுக்கு வந்த ஆளையும் மற்றவர்கள் அங்கே உட்கார விடவில்லை.

காசநோய் என்றார்கள். பல மாதம் கிளினிக், மாத்திரை. மகள் கலியாணம் அதற்குள் எளிமையாக நடந்தது. முதலாளி ஒவ்வொரு லோட்டுக்கும் பக்கத்துக் கடை ஆளையே அழைத்துக்கொண்டிருந்தார். நிரந்தரமாக யாரையும் சேர்க்கவில்லை.

ஒருநாள் காலை பெரிய நாட்டாமி கடைக்குள் வந்தார். நேராக என் மேசைக்குக் கீழே குனிந்து ஐந்து கிலோக் கல்லை எடுத்து, முதலாளி பார்க்க, பில்லுகளின் மேல் வைத்தார். "முதலாளி, கல்லு இங்கன இருக்கு. இப்பப் பாருங்க" என்று தராசில் ஏறினார். நான் குண்டை முன்னால் தள்ளிக்கொண்டே போனேன். முதலாளி குனிந்து எண்ணைப் படித்தார். "திங்கக்கெழம லோட் இருக்கு" என்றார். அவ்வளவுதான். கல் அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறது.

இப்போது எங்கள் சரக்கை ஒரு கம்பெனி லொறி கொண்டுபோகிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று பில் போனுக்கே வருகிறது. கொழும்பில் அவர்கள் ஆட்களே இறக்குகிறார்கள். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போகிறவர்கள் யாரும் இல்லை. பில்லை மட்டும் நான் இன்னும் காகிதத்தில் எடுத்து ஒவ்வொன்றாகத்தான் பார்க்கிறேன். பெரிய நாட்டாமி வேலையை விட்டு யட்டியாந்தோட்டையில் மகளோடு இருக்கிறார். போன வாரம் பேரப்பிள்ளைக்கு நேர்த்திக்கடன் என்று இந்தப் பக்கம் வந்தவர் கடைக்கும் வந்தார். டீ குடித்தார். மேசையில் இருந்த கல்லின் வளையத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏறிப் பாருங்க அண்ணே" என்று புதுத் தராசைக் காட்டினேன்.

"தங்கச்சி பேசிருச்சு" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். அங்கே சிரிக்க யாரும் இல்லை. தராசில் ஏறினார். எண் வருவதற்குள், நான் கேட்காமலே, சட்டையை இரண்டு கையாலும் தூக்கி வெறும் இடுப்பைக் காட்டினார்.