குருவம்மாள் கேட்ட கேள்வி

போன வாரம் ஆதார் அட்டையை நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளை வாங்கியதும், வழக்கம்போல மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என்ன செய்ய? எனக்கு வேலை தந்த முதல் இடமே மை வாசனை அடித்த இடம்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் நடந்த டுடோரியல் அது. எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மை உருளையில் நகலெடுத்த சைக்ளோஸ்டைல் நோட்ஸில் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி ஒரு நெடி. கீழிருந்து பால் சுண்டும் மணம். இரண்டுக்கும் நடுவே பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர்களுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்க, ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவேன். கணக்கில் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் இருந்த இருபத்திரண்டு வயது. பெல்பாட்டம் வழக்கொழிந்த பிறகும் விடாமல் போட்டுக்கொண்டு, எக்ஸையும் ஒய்யையும் நானே கண்டுபிடித்த மாதிரி நடந்துகொள்வேன்.

வகுப்பில் எல்லாம் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். கடைசி பெஞ்சில் மட்டும் குருவம்மாள் அக்கா. முப்பத்துநாலு வயசு. அவர் கணவர் ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் டிரைவராக இருந்து, மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். கருணை அடிப்படையில் அக்காவுக்கு அதே அலுவலகத்தில் பியூன் வேலை. பத்தாவது பாஸ் செய்தால் கிளார்க் ஆகலாம் என்று யாரோ சொல்ல, ஆபீஸ் விட்டு நேரே மாடியேறி வந்துவிடுவார், கையில் காலி டிபன் டப்பாவோடு. வீட்டில் மகளும் அந்த வருஷம் பத்தாவதுதான்.

முதல் நாளே கேட்டார். “சார், இந்த எக்ஸுங்கிறது யாரு?”

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. “தெரியாத எண் அக்கா” என்றேன்.

“தெரியாதவுகளுக்கு ஒரு பேரு வச்சுக்கிடுதோம். அம்புட்டுதானே?”

அம்புட்டுதான். நான் அரைமணி நேரம் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். பக்கம் மாறினால் குறி மாறும், அடைப்புக்குறியை நீக்குவது எப்படி, எல்லாம் மெதுவாகப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, மைனஸை மைனஸால் பெருக்குகிற நாள் வரைக்கும்.

“பிளஸ் வரும்” என்றேன்.

“எப்பிடி சார் வரும்? இல்லாததை இல்லாததால பெருக்குனா, இருக்குறது எப்பிடி வரும்?”

“அது விதி அக்கா. மனப்பாடம் பண்ணிக்கோங்க.”

அக்கா பேனாவை மூடி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார். “அவிய செத்தப்பவும் எல்லாரும் அதைத்தான் சார் சொன்னாவ. விதின்னு. நானும் வாயை மூடிக் கேட்டுக்கிட்டேன். இதையாவது வெளங்கிக்கிடுதேனே.”

யாரும் சிரிக்கவில்லை. சங்கடம் என்னவென்றால், எனக்கே காரணம் தெரியாது. பள்ளியிலும் கல்லூரியிலும் மதிப்பெண் மதிப்பெண்ணாக வாங்கிக் குவித்தவன், ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன். வகுப்பில் போய்ப் பலகையில் போட்டேன். மைனஸ் இரண்டை மூன்றால் பெருக்கினால் மைனஸ் ஆறு. இரண்டால் பெருக்கினால் மைனஸ் நாலு. ஒன்றால் பெருக்கினால் மைனஸ் இரண்டு. பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். அடுத்து, மைனஸ் ஒன்றால் பெருக்கினால் என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ரெண்டு! ஒவ்வொரு படிக்கும் ரெண்டு ரெண்டா ஏறிக்கிட்டே வருது சார். பூஜ்யத்துல நிக்காது, மேல போகும். பிளஸ் ரெண்டு!”

அக்கா எழுந்தே நின்றுவிட்டார். ஒரு பையன் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். கீழே கடையிலிருந்து ஆள் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அந்த மார்ச்சில் அக்கா கணக்கில் தோற்றுப்போனார். முப்பத்தொன்று. நாலு மதிப்பெண் குறைவு. நான் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கலங்கிக்கொண்டிருக்க, மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல டிபன் டப்பாவோடு வந்து நின்றார்.

“மக பாஸ் சார். நல்ல மார்க்கு. அவதான் இனி வீட்டுல எனக்கு டீச்சரு. அக்டோபர்ல எழுதுதேன்.”

அக்டோபருக்குள் எனக்கு ராமநாதபுரம் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, நான் அங்கே போய்விட்டேன். ஒரு வருஷம் கழித்து, பொங்கலுக்கு ஊர் வந்தபோது டுடோரியல் முதல்வரைப் பார்க்கப் போனேன். “குருவம்மா பாஸ் பண்ணிட்டாங்கப்பா, அம்பத்திரண்டு மார்க்கு” என்றார். “உனக்குன்னு ஒரு கிலோ பால்கோவா கொண்டாந்து குடுத்தாங்க. நீ எப்ப வருவேன்னு தெரியலை. கெட்டுப் போயிருமேன்னு நாங்களே சாப்பிட்டுட்டோம்.”

நானும் சிரித்தேன். கிளார்க் ஆனபின் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த ஊர் என்று முதல்வருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு நான் அக்காவைப் பார்க்கவேயில்லை.

இந்தச் சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். கடை இல்லை, கட்டடமும் இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கி, கார் நிறுத்த விட்டிருக்கிறார்கள். கணக்குச் சொல்லித்தர அந்தத் தெருவில் இப்போது யாரும் போர்டு மாட்டியிருக்கவில்லை. வேலை விட்டுக் களைத்து வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்காரும் ஆட்களும் கண்ணில் படவில்லை. இரண்டு கார்களுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வகுப்பு இருந்த உயரத்தில் வெறும் ஆகாயம்.