வால் முளைத்த கெண்டை

போன செவ்வாய்க்கிழமை ஐந்து கெண்டை மீன்கள் என்னை ஏமாற்றிவிட்டன.

வாரா வாரம் என்னைப் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். ஊர்ச் சாக்கடையைத் தெளியவைத்து எண்ணூர் உப்பங்கழியில் விடுகிற நிலையத்தில் சூப்பர்வைசர். மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள்... எல்லாம் உங்கள் வீட்டிலிருந்து வருவதுதான்.

எங்கள் கடைசித் தொட்டியில் எப்போதும் ஐந்து கெண்டை நீந்தும். காலையில் நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். ஐந்தும் உயிரோடிருந்தால் மதகைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்து லாபரட்டரிக்கு அனுப்பினால் பதில் வர ஒரு வாரம் ஆகும். கெண்டை உடனே சொல்லிவிடும். ஏற்பாடு என்னுடையது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவற்றில் ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன் — ஐந்துக்கும் வால் முழுசாக இருக்கிறது. ஒரே ராத்திரியில் வால் முளைக்குமா?

மதகுக்காரர் முனுசாமியைக் கூப்பிட்டேன். தலையைச் சொறிந்தார்.

"காத்தால வந்து பாத்தா அஞ்சும் மெதந்துகினு கீது சார். நீ பாத்தா பேஜாராயிடுவியேன்னு ஏரிக்குப் போயி வேற புட்சாந்து வுட்டேன்."

"இன்னிக்கு மட்டுமா?"

"நேத்து மூணு செத்துச்சு. அதையும் மாத்திட்டேன்."

அப்படியானால் நேற்று என் கையெழுத்தோடு கழிக்குப் போனது விஷம். "மதகைத் தொடாதேய்யா" என்று கத்தினேன். அப்புறம்தான் உறைத்தது. "உன் சம்சாரம் எங்கே?"

முனுசாமியின் முகம் மாறியது. அவர் மனைவி கன்னியம்மாள், நெட்டுக்குப்பத்துப் பெண்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்.

"கழியிலதான் சார் கீது" என்று சொல்லிவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

கரையேறிய கன்னியம்மாள் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். காலி. கையெல்லாம் தடிப்பு.

"நேத்துலேர்ந்து ஒரு எறா கையில தட்டல சார். இந்தாளு அங்கதான வேல செய்யுது... ஒரு வார்த்த சொல்லல பாரு."

முனுசாமி குனிந்து காலிக் கூடையை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து பார்த்தால் முதல் தொட்டியில் சேறு நிரம்பி வழிகிறது. மீனையே பார்த்துக்கொண்டு தொட்டியைப் பார்க்காமல் விட்டவன் நான். தண்ணீரைக் கழிக்கு விடாமல், நிலையத்தை ஒட்டி மாட்டுப்புல் வளர்க்கிற பண்ணைப் பக்கம் திருப்பினோம், சேறு வாரினோம். ஏன் மதகு திறக்கவில்லை என்று மேலிடத்திலிருந்து போன் வந்தது. "மீன் செத்திருக்கிறது, திறக்க மாட்டேன்" என்றேன். சனிக்கிழமைதான் திறந்தோம். முந்தாநாள் கன்னியம்மாளின் கூடையில் இறால் துள்ளியது. எனக்குச் சோறு இறங்கியது.

முனுசாமியை நன்றாகத் திட்டவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வாய் வரவில்லை. என் மனசு கஷ்டப்படக் கூடாதென்று அவர் செத்த மீனை மாற்றி வைத்தார். 'எல்லாம் திருப்தி' என்று மேலே அனுப்புகிற ரிப்போர்ட்டுகளில் நான் எத்தனை மீனை மாற்றியிருப்பேன்?

இப்போது கழியில் இறங்குவதற்கு முன் கன்னியம்மாள் தொட்டிக்கு வருகிறார். ஐந்து மீனுக்கும் வால் ஓரத்தில் அவரே கத்தரித்து அடையாளம் வைத்திருக்கிறார். குனிந்து பார்த்து அவர் தலையாட்டினால்தான் மதகு திறக்கும்.

கையெழுத்து மட்டும் இன்னும் என்னுடையது.