வாகியெமின் முழுப்பெயர்

ஜாவாவின் ஐந்து நாள் சந்தை வாரத்தில் வாகே என்ற கிழமையில் பிறந்ததால் வாகியெம். அந்தப் பெயரைக் கேட்டதுமே சோலோ நகரத்தில் எவரும் ‘பட்டிக்காடு’ என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பாத்திக் துணிக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்கு மனுப் போட்டபோது, கடைப் பலகை ஒன்றில் பார்த்த பெயரை ஒட்டிக்கொண்டு ‘வாகியெம் லெஸ்தாரி’ என்று எழுதிவிட்டாள்.

அலுவலகத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டே கைப்பேசியில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றாள். ஆண்டுக்கூட்டத்துக்கு உறுப்பினர் அட்டை ஒழுங்காக அச்சாகி வந்தால் கணினி வேலையும் அதன் நாற்காலியும் அவளுக்குத்தான் என்று செயலாளர் பாக் ஹெந்த்ரோ, அதாவது ஹெந்த்ரோ ஐயா, சொல்லியிருந்தார்.

உறுப்பினர் லிஸ்டிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து, இடைவெளியில் வெட்டி, பின்பெயரை முன்னால் போட்டு, இதையே கடைசிப் பெயர்வரை திரும்பத் திரும்பச் செய்யும் நிரல், லூப். இணையத்தில் யாரோ வெள்ளைக்காரர் எழுதி வைத்தது. முதலில் இருந்த சங்க ஊழியர்களின் பெயர்கள், அவளுடையதும் சேர்த்து, ஜோராக வந்தன. அடுத்தது போனிரா, துணியில் மெழுகால் பூ வரையும் பெண். வெட்டினால் இரண்டாவது துண்டே இல்லை. லூப் ‘பிழை’ என்று சிவப்பெழுத்தைத் துப்பிவிட்டு நின்றது. அந்த மெழுகு வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேருக்கு ஒற்றைப் பெயர்தானே!

“அதே பேர ரெண்டு தடவ போட்டுரும்மா. பாஸ்போர்ட்டுக்கெல்லாம் அப்படித்தான போடுறாங்க,” என்றார் பாக் ஹெந்த்ரோ.

போட்டாள். மாதிரிக்கு அச்சடித்த தன் அட்டையைப் போனிரா பார்த்தாள்.

“இதென்னடி, ‘போனிரா, போனிரா’? எனக்கு ஒரு ரெட்டைப் பிறவி இருக்குன்னு எங்கம்மா சொல்லவே இல்லியே!”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போனிராவும் சிரித்தாள். பிறகு, “ஏண்டி, ஒரு பேரு பத்தாதாமா?” என்று கேட்டாள்.

வாகியெமுக்குச் சுருக்கென்றது. லூப்பைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்கும் முன்னாலேயே ஒரு பேர் பத்தாது என்று முடிவு கட்டியவள் அவள்தானே.

கணினிக்குத் திரும்பி வந்து லூப்பில் ஒரு நிபந்தனை சேர்த்தாள்: ஒரே துண்டு என்றால் வெட்டாதே, அதையே அட்டையின் நடுவில் போடு. போனிராவும் அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் தடங்கலில்லாமல் வந்தார்கள். பிறகு லிஸ்டில் தன் வரிக்குப் போய் லெஸ்தாரியை அழித்தாள். மனுவில் பொய் எழுதியவளுக்கு யார் நாற்காலி தருவார்கள்? ஆனாலும் அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

பாக் ஹெந்த்ரோ அட்டைகளைப் புரட்டிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார்.

“உன் முழுப் பேரு எங்கம்மா?”

“அதான் பாக் முழுப் பேரு. லெஸ்தாரி நானா ஒட்டிக்கிட்டது.”

அவர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மனுவ மாத்தி எழுதிட்டு வா,” என்றார் கடைசியில். “நாற்காலிக்கு இந்தப் பேர்லதான் கையெழுத்துப் போடணும்.”