பள்ளிவாசலில் ஓடிய மோட்டர்

எழுபதுகளில், ஆஸ்பத்திரிகளில் மிஞ்சும் ரேடியம் கழிவைப் புதைக்க, மாத்தளையில் என் கடைக்குப் பின்னாலிருந்த குன்றில் இடம் பார்த்தார்கள். என் கிணறு உட்பட அடிவாரக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்க ஒருவர் தினமும் வந்தார். காக்கிக் கால்சட்டை, நரைத்த மீசை. இரும்பு நாடாவின் நுனியில் சோக்குக் கட்டியைத் தேய்த்து இறக்குவார். எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். அதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுவார். "குடிக்கிற தண்ணியாச்சே" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், நாடாவை இரண்டு தரம் இறக்கிப் பார்த்துவிட்டு, "முதலாளி, பள்ளிவாசல்ல இப்ப மோட்டர் ஓடுது" என்றார்.

பள்ளிவாசல் கால் மைல் தள்ளி. எனக்குச் சிரிப்பு வந்தது. "இங்கருந்தே கேக்குதுங்களா?"

"கேக்கல. ஜும்மாவுக்கு வந்தவங்க கைகால் கழுவ அங்க இறைக்கிறாங்க. உங்க கிணத்துல ஒரு விரக்கடை இறங்கியிருக்கு. வெள்ளிக்கு வெள்ளி இப்படித்தான்."

அத்தனை வருஷமும் அதை என் கிணறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்ப மேல புதைச்சா?"

"அதுக்குத்தாங்க அளக்கிறேன்" என்று நாடாவைத் துடைத்துச் சுருட்டினார்.

குன்றில் கடைசிவரை எதையும் புதைக்கவில்லை. அவரும் வருவதை நிறுத்திவிட்டார். பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. இன்றும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் கேட்டதும் கிணற்றடிக்குப் போகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.